நாலரை அங்குலமும் ஒரு ஃப்ரிட்ஜும்

டெல்லியில் வடிகால் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஆறு பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி ஆறுவதற்குள் ஒருவர், "சார், நீங்க பார்த்ததிலேயே பெரிய வெள்ளம் எது?" என்று கேட்டார். ரிட்டயரான எந்த இன்ஜினீயரைத் தட்டினாலும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற கதை ஒன்று விழும். என்னிடமும் உண்டு. அதில் நனைந்ததுதான் மிச்சம், புத்தி எதுவும் வரவில்லை. எனக்குப் புத்தி வந்தது நாலரை அங்குலத்தில். அதைத்தான் எழுதித் தருகிறேன். உங்களில் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். நான் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயர். தெற்கு டெல்லியில் ஓர் அரசுக் குடியிருப்பு, பெயர் வேண்டாம். நல்ல மழை பெய்தால் அதன் நடு பிளாக்குகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வரும். பழைய வடிகால் தூர்ந்துபோய்ப் பெயருக்குத்தான் இருந்தது. மார்க்கெட் பக்கத்திலிருந்து, ஊர்த் தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் கால்வாயான பெரிய நாலா வரை அறுநூறு மீட்டருக்குப் புதிய வடிகால் கட்டுவது என் பொறுப்பில் வந்தது.

வேலை தொடங்கும் முன் வீடுகளைப் பார்க்கப் போனேன். அப்போதுதான் சண்முகவடிவு அம்மாளைச் சந்தித்தேன். அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர், திருநெல்வேலிக்காரர். கணவர் ராணுவத்தில் எங்கோ எல்லையில். இரண்டு பெண்களோடு, குடியிருப்பிலேயே பள்ளமான இடத்தில் வீடு. எங்கள் ஆபீசுக்குப் பதினோரு கடிதம் எழுதியிருந்தார். பதினோராவது கடிதத்தில் முந்தைய பத்தின் எண்ணும் தேதியும் வரிசையாக இருந்தன. அதைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

உள்ளே போனதும் கண்ணில் பட்டது ஃப்ரிட்ஜ். மூன்று வரிசைச் செங்கல் அடுக்கி, அதன் மேல் சாமி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"அஞ்சு வருசமா அப்படித்தான் நிக்கி சார்," என்றார் அவர். "சின்னவ தண்ணி பாட்டில் எடுக்கணும்னா ஸ்டூல் போட்டு ஏறணும். இந்தா சுவத்தைப் பாருங்க."

சுவரில் பென்சில் கோடுகள். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் குறித்து, கீழே சுருக்கக் கையெழுத்தும் போட்டிருந்தார். எங்கள் ஆபீஸ் பதிவேடு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"இந்த வருஷம் தண்ணி வராது மேடம். ஃப்ரிட்ஜைக் கீழே இறக்கிடுங்க. நான் பொறுப்பு," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"இது வாய்மொழி உறுதியா சார், இல்ல எழுத்துல தருவீங்களா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, வாய்மொழின்னே குறிச்சுக்கிடுதேன்," என்றார்.

இனி நான் செய்த தப்பு. அம்மாக்கள் வாசிக்கப் போவதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்லி தட்டையான ஊர். அறுநூறு மீட்டருக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த சரிவு மொத்தமே இரண்டடி. அந்த இரண்டடியில் ஓர் அங்குலம் போனாலும் தண்ணீர் முரண்டு பிடிக்கும். அதனால் எல்லா உயரத்தையும் ஒரே குறியிலிருந்துதான் அளக்க வேண்டும். அசையாத கல்லிலோ படியிலோ ஒரு கோடு போட்டு, கடல் மட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று சிவப்புப் பெயின்டில் எழுதிவைப்போம். அதுதான் பெஞ்ச்மார்க். குளிர்காலத்தில் சர்வே செய்தபோது இரண்டு குறிகள் வைத்தோம். ஒன்று மேல் கோடியில் தண்ணீர்த் தொட்டியின் அடித்தளத்தில். மற்றது கீழ் கோடியில், நாலா ஓரத்துச் சின்ன அனுமார் கோயிலின் படியில்.

மழைக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு கோடியிலிருந்தும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கச் சொன்னேன். மேல் பாதிக்குத் தொட்டிக் குறி, கீழ் பாதிக்குக் கோயில் குறி. அப்படிச் செய்தால் ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு குறிகளும் ஒத்துப்போகின்றனவா என்று ஒரு தடவை அளந்து சரிபார்க்க வேண்டும். அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் இருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

ஏப்ரலில் கோயில் பக்கம் போனேன். படியில் எங்கள் குறி பளிச்சென்று இருந்தது. குளிர்காலத்தில் கோணல் மாணலாக எழுதிய எண், இப்போது அச்சடித்த மாதிரி அழகாக நின்றது. என் ஜூனியர் இன்ஜினீயர் சத்பீர் பக்கத்தில் இருந்தான். ஹரியானாக்காரன், ஆறடி உயரம், அதிகம் பேசமாட்டான். அவன்தான் திரும்ப அளந்து புதுப்பித்திருக்கிறான் என்று நானே முடிவு செய்து, "ஷாபாஷ் சத்பீர். வேலைன்னா இப்படி இருக்கணும்," என்று தோளில் தட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஜீ சாப்," என்றான். அத்தோடு சரிபார்ப்பு முடிந்தது.

ஜூன் நடுவில் இரண்டு பாதிகளும் வடிவு அம்மாள் வீட்டு வாசலுக்கு நெருங்கி வந்துவிட்டன. நடுவே பத்தடி பாக்கி. மேஸ்திரி, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"சாப், தண்ணி மேலேயிருந்து வந்து இங்கேயே நின்னுடும். அந்தப் பக்கம் தரை உசரமா இருக்கு."

கருவியை வைத்து அளந்தோம். கீழ் பாதியின் தரை நாலரை அங்குலம் உயரம். முந்நூறு மீட்டர் நீளத்துக்கும் ஒரே சீராக, தலையிலிருந்து கால்வரை நாலரை அங்குலம். தப்பில்கூட ஓர் ஒழுங்கு இருந்தது.

நாற்பத்து மூன்று டிகிரி வெயில். காரணம் தெரியாமல் கீழ் கோடிவரை நடந்து, தலை சுற்றி, கோயில் படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கைக்கு வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பளிங்கு. குளிர்காலத்தில் நாங்கள் குறி போட்டது சொரசொரப்பான சிவப்புக் கல்லில்.

பூசாரியைக் கூப்பிட்டேன். "பண்டிட்ஜி, இந்தக் கல் எப்போ போட்டது?"

"அனுமார் ஜெயந்திக்கு பாபுஜி," என்றார் பெருமையாக. வடக்கே அது நம் ஊர் மாதிரி மார்கழியில் இல்லை, பங்குனி சித்திரையில் வரும். "காலனிக்காரங்க எல்லாரும் சேர்ந்து போட்டாங்க. பழைய படிக்கு மேலேயே சிமென்ட் பரப்பிப் பதிச்சாச்சு. உங்க சர்க்கார் நம்பர் மறைஞ்சுபோச்சேன்னு எனக்கு ஒரே கவலை. போர்டு எழுதுற பெயின்டரைக் கூட்டிட்டு வந்து, அதே நம்பரை அதே இடத்துல எழுத வச்சேன். ஒரு புள்ளிகூட மாத்தலை."

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. படி நாலரை அங்குலம் ஏறியிருந்தது, எண் ஏறவில்லை. அந்தக் குறியை நம்பி நாங்கள் கட்டியதெல்லாம் படியோடு சேர்ந்து ஏறிவிட்டது. அரசாங்கத்தின் மேல் அவ்வளவு மரியாதை வைத்த மனிதரை என் வேலைக்காலத்தில் நான் வேறு பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

சத்பீர் மரத்தடியில் நின்றிருந்தான். "அந்தக் குறியை நீ எழுதலையா?" என்று கேட்டேன்.

"இல்ல சாப். நீங்க சர்வே ஆட்களை அனுப்பி எழுத வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"அப்போ நான் ஷாபாஷ் சொன்னப்போ ஏன் வாயைத் திறக்கலை?"

"சாப், பெரியவங்க ஷாபாஷ் சொன்னா, இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. பையன் மேல் பழி போட வழியே இல்லை. அழகான கையெழுத்தைப் பார்த்து மயங்கி அளவெடுக்காமல் போனது நான். "சத்பீர், இனிமேல் நான் தப்பாச் சொன்னா, இல்லைன்னு முகத்துக்கு நேரா சொல்லணும். இது உத்தரவு," என்றேன்.

"ஜீ சாப்," என்றான். உத்தரவு எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஒப்பந்தக்காரர், அங்கே எல்லோர் வாயிலும் டேக்கேதார், ரொம்ப நிதானமானவர். லஸ்ஸி வரவழைத்துக் கொடுத்துவிட்டு வழி சொன்னார். "சாப், எதையும் உடைக்க வேண்டாம். மேல் பாதித் தரையில சிமென்டைச் சரிவாப் போட்டு ஏத்தி, இதோட சேர்த்துடுவோம். நாலு நாள்ல முடிஞ்சுடும். கௌன் தேகேகா? யார் பார்க்கப் போறாங்க?"

உண்மையைச் சொல்கிறேன், அரை மணி நேரம் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. மழைக்கு இரண்டே வாரம். என் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருந்த நேரம். அப்படிப் பூசி மெழுகினாலும் வடிகால் ஓடும், சற்று சோம்பேறித்தனமாக ஓடும், இன்ஸ்பெக்‌ஷனில் யாருக்கும் தெரியாது. காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தேன். வடிவு அம்மாள் முற்றத்திலிருந்து வரும் குழாய், வடிகாலில் விழுவது சரியாக அந்த நடுவில். குழாயின் வாய் வடிகாலின் தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே. தரையை நாலரை அங்குலம் தூக்கினால் மீதி ஒன்றரை. அரை மணி மழைக்கே வடிகால் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத் திரும்பி அவர் வீட்டுக்குள் போகும். ஆக, பார்ப்பதற்கு ஓர் ஆள் இருந்தார். பென்சிலோடு.

உடைப்பது என்று முடிவு செய்தேன். முதலில் என் சூப்பரின்டென்டிங் இன்ஜினீயரிடம் போய் நின்றேன். பஞ்சாபி, குரலே இடி மாதிரி இருக்கும். பளிங்குக் கதையைக் கேட்டு அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"இதை யார் கண்டுபிடிச்சது? நீங்களா, மழையா?"

"நாங்கதான் சார்."

"அப்போ இன்னும் நேரம் இருக்கு. உங்க கையால எழுதிக் கொடுங்க. உங்க தப்புன்னே எழுதுங்க. கோயில் பக்கம் கையைக் காட்ட வேண்டாம்."

எழுதிக் கொடுத்தேன். அதைவிடக் கஷ்டம் அன்று சாயங்காலம் வடிவு அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டியது. ஆபீஸிலிருந்து சார்ட்டர்டு பஸ்ஸில் வந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பளிங்கு, எண், ஷாபாஷ், நாலரை அங்குலம். மூத்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா மட்டும் ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லவேளை, நான் இறக்கல."

"கீழ் பாதியை உடைச்சுத் தாழ்த்தப் போறோம் மேடம். நாலா பக்கத்துலருந்து உடைச்சுக்கிட்டே வருவோம். உங்க வாசல் கடைசியாத்தான் வரும்."

"முங்குத வீடு எங்க வீடு. முடிக்குதது மட்டும் கடைசியிலயா?"

"தண்ணி வெளியே போற வாய்லருந்துதான் ஆரம்பிக்கணும். நடுவுல தோண்டினா, மழை வந்தா அது குளமாயிடும்."

கொஞ்சம் யோசித்தார். "கோப்பு மாதிரின்னு சொல்லுங்க. கீழ இருந்துதான் மேல வரணும். நடுவுல எடுத்தா நடுவுலயே நின்னுரும்." எனக்கு ஒரு டம்ளர் மோர் வந்தது. திட்டு வாங்கத் தயாராகப் போன நான் மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் உடைத்தோம், தோண்டினோம், போட்டோம். நல்லகாலம், கீழ் பாதியில் சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு நாளும் தொட்டிக் குறியிலிருந்தே அளந்து வந்தோம். சத்பீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அளந்தான். பண்டிட்ஜி ஆட்களுக்குத் தினமும் பானகம் மாதிரி ஏதோ கரைத்துக் கொடுத்தார். தன் எண்ணால் வந்த வினை என்று அப்போது அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. வடிவு அம்மாள் வாசலில் கடைசிப் பத்து மீட்டருக்குக் காலையில் கான்கிரீட் போட்டோம். மேலிருந்து தண்ணீர் வந்து ஈரக் கான்கிரீட்டைக் கரைத்துவிடாமல் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். மூன்று மணிக்கு வானம் மஞ்சளாயிற்று. முதலில் புழுதிக் காற்று. பின்னாலேயே மழை. சாதாரண மழையில்லை, மார்க்கெட் கூரைத் தகரம் பறந்து வந்து விழுந்த மழை.

மேல் பாதி வடிகால் பத்து நிமிடத்தில் நிறைய ஆரம்பித்தது. மார்க்கெட் தண்ணீர் முழுக்க வந்து மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஏறியது. தண்ணீர் தேங்கிய அந்தப் பக்கத்தில்தான் வடிவு அம்மாள் வீட்டுக் குழாயின் வாய். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல். பிறகு மூன்று விரல். அம்மா ஆபீஸில், வீட்டில் பெண்கள் இரண்டு பேர்தான். ஜன்னலில் இரண்டு முகமும் தெரிந்தது.

டேக்கேதார் குடையை விட்டுவிட்டுக் கத்தினார். "சாப், மூட்டையைத் தொடாதீங்க. காலையில போட்ட கான்கிரீட் இன்னும் பிடிக்கலை. எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். பத்து நிமிஷம் பாருங்க, மழை விட்டுடும்."

நான் குழாயைப் பார்த்தேன், கான்கிரீட்டைப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு தடவை உடைத்தாயிற்று. இன்னொரு தடவை என்று எப்படி எழுதுவேன்? "சரி, பத்து நிமிஷம் பார்ப்போம்," என்றேன்.

"நஹீ சாப்."

யார் சொன்னது என்று திரும்பினேன். சத்பீர். தண்ணீர் முகத்தில் வழிய என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல சாப். பத்து நிமிஷம் கிடையாது. இப்பவே எடுக்கணும்."

சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. உள்ளே குதித்து முதல் மூட்டையைத் தூக்கி வெளியே எறிந்தான். அதன் பிறகுதான் எனக்குக் கால் அசைந்தது. நானும் இறங்கினேன், மேஸ்திரி இறங்கினார், தலையில் அடித்துக்கொண்டே டேக்கேதாரும் இறங்கினார். மூட்டை விலகியதும் தண்ணீர் காலை வாரிவிடுகிற வேகத்தில் கீழ் பாதிக்குள் பாய்ந்தது. காலையில் போட்ட கான்கிரீட் சாம்பல் நிறத்தில் கரைந்து அதோடு ஓடியது. குழாயின் வாய்க்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நின்றது, தயங்கியது, இறங்க ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்தது. மழையில் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"ஷாபாஷ் சத்பீர்," என்றேன்.

"இது நான் செஞ்சதுதான் சாப்," என்றான் அவன்.

ஆறு மணிக்கு வடிவு அம்மாள் எங்கோ தெருவில் முழங்காலளவுத் தண்ணீரைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நேரே உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார். தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பென்சிலை எடுத்து, கோடு போட இடமில்லாமல், தேதியை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அப்போ ஃப்ரிட்ஜை இறக்கிடலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"ஒரு மழைதான சார் பெஞ்சிருக்கு."

கரைந்துபோன பத்து மீட்டரை மறு வாரம் மறுபடி போட்டோம். என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. போகட்டும், வந்துவிட்டது. அந்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்குக் கீழே ஒரு வரிசைச் செங்கல் குறைந்திருந்தது. அடுத்த வருடம் இன்னொரு வரிசை. அதற்குப் பிறகு என்னை யமுனைக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பார்க்கப் போக முடியவில்லை.

நீங்கள் புதுக் கருவிகள் வைத்திருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் உயரம் சொல்லும் என்கிறீர்கள். நல்லது. ஆனால் உங்களுக்குக் கீழே இருப்பவன் உங்களிடம் "இல்லை" என்று சொல்கிறானா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். அதை அளக்கக் கருவி வரவில்லை. சத்பீர் பிறகு பெரிய பதவிக்குப் போனான். என்னோடு போனில் பேசும்போது இப்போதும் மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை மறுத்துப் பேசுகிறான். என் உத்தரவு சற்று அதிகமாகவே போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது மழைக்காலம் முடிந்த அக்டோபரில் என் புது ஆபீசுக்கு ஒரு தபால் வந்தது. ஆங்கிலத்தில் டைப் அடித்து, எண்ணும் தேதியும் போட்ட கடிதம். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பொருள்: குளிர்சாதனப் பெட்டியைத் தரைக்கு இறக்குதல் தொடர்பாக. பார்வை: தாங்கள் நேரில் அளித்த வாய்மொழி உறுதி. மேற்கண்ட உறுதி மூன்று மழைக்காலங்கள் பரிசீலனையில் இருந்து ஏற்கப்பட்டது. பெட்டி இன்று முற்பகல் தரையில் பொறுப்பேற்றுக்கொண்டது. ஸ்டூல் விடுவிக்கப்பட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது."

கீழே கையெழுத்து. அதற்கும் கீழே ஒரு வரி:

"நகல்: பண்டிட்ஜி, அனுமார் கோயில் – தகவலுக்காகவும், இனிமேல் எந்த எண்ணையும் எழுதாமல் இருப்பதற்காகவும்."